உடம்பை முதலீடாகப் பார்த்தால், வாரம் மூன்று மணி நேரத்தை எங்கே போடுவது?

பேரேடு:

வணக்கம். எனக்கு 41 வயது. தணிக்கை வேலை. காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பேன். உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையிலேயே கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, பதிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே திரும்பினாலும் "ஆரோக்கியம்தான் மிகப் பெரிய முதலீடு" என்கிறார்கள். சரி, முதலீடு என்று சொல்லிவிட்டால் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டுமே. எவ்வளவு போட வேண்டும்? எத்தனை வருடத்துக்கு? என்ன திரும்பக் கிடைக்கும்? நடுவில் நிறுத்தினால் போட்டது நிற்குமா, போய்விடுமா? இதைக் கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. சூரிய உதயப் படம் ஒன்றின் மேல் "இன்றே தொடங்குங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

என் நிலவரம் இது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும், அதற்கு மேல் சத்தியமாக முடியாது. வருடக் கணக்கு முடிக்கிற இரண்டு மாதங்களில் அந்த மூன்று மணி நேரமும் கிடையாது. அப்போது வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். போன வருடம் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டு மாதம் வந்தது, விட்டது விட்டதுதான்.

இதற்கிடையில் மண்டையைக் குடைவது அப்பாவின் விஷயம். அவருக்கு 73. கல்லூரியில் 400 மீட்டர் ஓட்டக்காரர், வாங்கிய கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இன்றைக்குத் தாழ்வான சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். பெரிய நோய் என்று ஒன்றும் இல்லை. அப்படியானால் இருபது வயதில் அவர் போட்ட முதல் எங்கே போனது? உடம்பில் கூட்டு வட்டி என்று ஒன்று இருந்தால் அவர் இப்போது கோடீஸ்வரராக அல்லவா இருக்க வேண்டும்?

ஆக, மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது, அந்த இரண்டு மாதத்துக்கு என்ன வழி, முன்னேறுகிறேனா என்று எதை வைத்து அளப்பது? எடை பார்க்கும் இயந்திரத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா இருப்பவன்:

அண்ணே, எக்செல் ஷீட் போட்டு ஆயுளைக் கூட்ட முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் ஓடுவார், மாரத்தான் எல்லாம் ஓடியிருக்கிறார். 52 வயதில் மாரடைப்பு, ஆள் போய்விட்டார். என் பெரியப்பாவை நான் கையில் சிகரெட் இல்லாமல் பார்த்ததே இல்லை, 88 வரைக்கும் திடமாக இருந்தார். நானும் பிடிக்கிறவன்தான், ஆனால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடந்துவிடுவேன். அதற்கு இது சரியாகப் போயிற்று. எல்லாம் எழுதி வைத்தபடிதான். இருக்கிறவரை நிம்மதியாக இருங்கள்.

முழங்கால்:

பேரேடு தம்பி (எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தம்பி என்றே கூப்பிடுகிறேன்), நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இடுப்பு எலும்பு உடைந்து அறுவை முடிந்தவர்கள், நிமோனியாவில் படுத்து எழுந்தவர்கள், அப்புறம் "ஒன்றும் இல்லை, நடை மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது" என்று மகனோ மகளோ கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். நீங்கள் கேட்ட நாலு கேள்வியில் கடைசிக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. போட்டது நிற்குமா?

நிற்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பாவின் கதையை ஆயிரக்கணக்கான பேரை வைத்து ஒருவர் பார்த்திருக்கிறார். ரால்ஃப் பாஃபன்பர்கர் என்பவர். ஹார்வர்டில் படித்து வெளியே போனவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1978-ல் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி நாளில் விளையாட்டு வீரராக இருந்து, பிறகு உட்கார்ந்தே வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பு விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. கல்லூரியில் மைதானத்தை எட்டிப் பார்க்காமல் இருந்து, பின்னாளில் உடம்பை நன்றாக அசைத்து வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. அப்பாவின் கோப்பைகளுக்கு இது கெட்ட செய்தி. 41-ல் தொடங்கப் போகிற உங்களுக்கு நல்ல செய்தி.

அதனால் கூட்டு வட்டியை மறந்துவிடுங்கள். உங்கள் தொழிலிலேயே வேறொரு சொல் இருக்கிறது, கையிருப்பு. அதுதான் இங்கே பொருந்தும்.

நாற்காலியிலிருந்து எழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. நான் வருகிறவர்களிடம் முதலில் பார்ப்பதே அதைத்தான். உட்காரச் சொல்லி, ஊர்க்கதை பேசிக்கொண்டே "கொஞ்சம் எழுந்திருங்கள்" என்பேன். அந்த நேரத்தில் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். தொடையில் பலம் உள்ளவரின் கை மடியிலேயே கிடக்கும், அல்லது பேச்சுக்கு ஏற்றபடி காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பலம் போனவரின் கை, அவர் எழ நினைப்பதற்கு முன்பே கைப்பிடியைத் தேடிப் போய்விடும். கைப்பிடி இல்லாத நாற்காலி என்றால் முட்டிக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துவார். பாதம் இரண்டும் முன்னாலேயே கிடக்கும், பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றாது. ஒரு வீச்சு முன்னால் வந்து, பாதியில் பின்னால் சாய்ந்து, இரண்டாவது வீச்சில்தான் எழுவார். கேட்டால் "எழுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே" என்பார். பொய் சொல்லவில்லை. கை எந்த வருடத்திலிருந்து உதவிக்கு வரத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது.

இதே வேலைக்கு நீங்கள் உங்கள் பலத்தில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறீர்கள். அவர் கிட்டத்தட்ட முழுவதையும் செலவழிக்கிறார். இரண்டு பேரும் எழுந்து நிற்கிறீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவரிடம் மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த மிச்சம் எப்படிக் கரைகிறது என்பதைத்தான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. பலம் தசையைவிட வேகமாகக் குறையும். கேட்கும்போது மெதுவான சரிவு மாதிரி இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் யாரும் சரிந்து வருவதில்லை, தடாலென்று இறங்கி வருகிறார்கள். ஒரு காய்ச்சல், ஒரு அறுவை, பத்து நாள் படுக்கை. 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 67 வயது, நோய் இல்லாத ஆட்கள். 10 நாள் வெறுமனே படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று, முழங்காலை நீட்டும் பலத்தில் சுமார் 16 சதவீதம் போயிற்று. நோயே இல்லாமல்! நிமோனியாவோடு படுத்தவர் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இளவட்டமும் தப்பவில்லை. 1966-ல் டல்லாஸில் 20 வயதுப் பையன்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது அவர்களின் இதயமும் நுரையீரலும் வேலை செய்யும் திறனில் எடுத்துக்கொண்டதைவிட, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம். அப்புறம் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அந்தத் திறன் இருபது வயதில் ஆய்வு தொடங்கியபோது இருந்த அளவுக்குத் திரும்பி வந்தது.

ஆக, என்ன திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விக்கு என் பதில்: அடுத்த இறக்கம் வரும்போது நீங்கள் எந்த உயரத்தில் நிற்கிறீர்கள் என்பது. இறக்கம் எல்லாருக்கும் வரும். 100-ல் இருப்பவர் 80-க்கு வந்தால் இரண்டு மாதம் அலுத்துக்கொண்டு மீண்டுவிடுவார். 50-ல் இருப்பவர் 30-க்கு வந்தால் கழிப்பறைக்கே துணை வேண்டும். இந்த எண்களை உதாரணத்துக்காகத்தான் சொல்கிறேன், எக்செல்லில் ஏற்றிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் இரண்டு மாதம். இங்கேதான் உங்களைப் போன்ற கணக்கர்கள் சந்தோஷப்பட ஒரு சங்கதி இருக்கிறது. பலத்தை ஏற்றுவதற்கு ஆகிற செலவு வேறு, ஏற்றியதைக் காப்பதற்கு ஆகிற செலவு வேறு. இரண்டாவது அடிமாட்டு விலை. 2011-ல் வந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துவிட்டு, அதன்பின் 32 வாரத்துக்கு ஒரு பிரிவினருக்குப் பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். வாரம் ஒரு நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு சுற்று. இருபது, முப்பதுகளில் இருந்தவர்களிடம் பலமும் நின்றது, தசையும் நின்றது. அறுபதைத் தாண்டியவர்களிடம் பலம் பெரும்பாலும் நின்றது, தசை அளவு குறைந்தது, அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். ஒரே நிபந்தனை, தூக்குகிற எடையைக் குறைக்கக் கூடாது. தடவையைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாம், பாரத்தைக் குறைத்தால் போயிற்று.

அதாவது கணக்கு முடிக்கிற மாதங்களில் வாரம் ஒரு நாள், இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடுங்கள். போன வருடம் நீங்கள் நின்றுபோனதற்குக் காரணம் மூன்று மணி நேரம் இல்லாததால் சுழியத்துக்குப் போனதுதான். இருபது நிமிடத்தால் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிறைய ஆகும்.

மற்ற பத்து மாதத்துக்கு: உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து. அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. உங்களிடம் 180 நிமிடம் இருக்கிறது. இரண்டு நாள், நாளுக்கு 40 நிமிடம் தசைக்கு, அதில் 80 போயிற்று. மிச்சம் 100. அதில் 50 நிமிடம் வேக நடை, 50 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓட்டமோ மிதிவண்டியோ நீச்சலோ. கடுமையான ஒரு நிமிடம் மிதமான இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்று வைத்தால் கணக்கு 150-க்கு வந்துவிடுகிறது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. கடுமையானது என்றால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு விட வேண்டும். கடிகாரம் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் முதல் இரண்டு மாதம் முழு நூறும் நடையாகவே இருக்கட்டும். நாற்காலியிலிருந்து நேராக ஓட்டத்துக்குப் போகிறவர்கள் நேராக என்னிடம் வந்து சேருகிறார்கள்.

தசைப் பயிற்சிக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது, தூக்கியதைச் சுமந்து நடப்பது. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு மூன்று தடவை நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும். அதில் பெரும்பகுதி நரம்பு கற்றுக்கொள்வது, தசை பிறகுதான் வளரும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அதைவிட மெதுவாகத் தேறும். தெம்பு வந்துவிட்டது என்று எடையைத் திடீரென்று ஏற்றுகிறவர்களுக்குத் தோளும் குதிகாலும் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

எதை அளப்பது? மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்றே வரிசை போதும்.

ஒன்று, கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து உட்காருகிறீர்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று வைத்திருக்கிறார்கள், பெண்ணுக்கு 12. நீங்கள் 41, அந்த எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

இரண்டு, இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை இதய உயரத்தில், வாயை மூடிக்கொண்டு. கால் மேல் கால் போட்டுக்கொண்டு அலுவலகக் கதை பேசியபடி எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மூன்று, கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம். அதை அளக்கும் கருவி பிசியோவிடம் இருக்கும். 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் வந்த ஆய்வில், பிடியில் 5 கிலோ குறைந்தால் இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. உடனே பந்து வாங்கி அமுக்க உட்காராதீர்கள். பிடி முழு உடம்பின் பலத்துக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் இதெல்லாம் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

இரவுப்பணி:

"வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும்" என்ற வரியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது, மன்னிக்கவும். எனக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். எனக்கென்று இருப்பது குளிக்கிற நேரம் மட்டும்தான், அதிலும் கதவைத் தட்டுவார்கள். முதலீடு செய்யக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் இல்லையா? அக்கா, எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது "காலை நாலு மணிக்கு எழுந்திரு" என்பதுதானா?

முழங்கால்:

நாலு மணிக்கு எழுந்திருக்காதே அம்மா. இருக்கிற தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சி செய்வது உனக்கு நஷ்டம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும், ஷிஃப்ட் மாறுகிற ஆளுக்கு அதுவே பெரிய சாதனை. குழந்தை இந்த வயதில் இருக்கும்வரை தூக்கத்தைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.

அப்புறம், 2022-ல் பிரிட்டன் மக்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,000-க்கும் மேற்பட்டவர்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். வேலைக்கு நடுவில் ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை மாதிரி மூச்சு வாங்க உடம்பை அசைத்தவர்களிடம் இறப்பு ஆபத்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக இருந்தது. இப்படிக் கவனித்துப் பார்க்கும் ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால் 40-ஐ அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் செலவு இல்லாத சங்கதி. படிக்கட்டில் இரண்டு மாடி வேகமாக ஏறு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறு. துணி மாற்ற வேண்டாம், வேர்க்க வேண்டாம், ஒருவரும் கதவைத் தட்டுவதற்கு முன் முடிந்துவிடும்.

இன்னொன்று. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது என்றால், ஓடுவதற்கும் குதிப்பதற்கும் முன்னால் இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற தசை) தெரிந்த பிசியோ ஒருவரைப் பார். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும்.

மீதி, குளிக்கும்போது கதவைத் தட்டுகிற விஷயம். அதற்கு பிசியோதெரபியில் மருந்து இல்லை. தட்டுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது, குழந்தையைத் தூக்கிக்கொள்ள அவருக்கும் இரண்டு கை இருக்கும் என்று மட்டும் தெரியும்.

பேரேடு:

அக்கா, மிகவும் நன்றி. இரண்டு மாதத்துக்கு வாரம் இருபது நிமிடம் என்பது என்னால் செய்யக்கூடியது. உண்மையில் நான் தேடிக்கொண்டிருந்ததே அதுதான். நாற்காலி சோதனையை இப்போதே செய்து பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன், பாதியிலேயே தொடை எரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இரவுப்பணி சகோதரிக்கு: எரிச்சல் நியாயமானது. எங்கள் வீட்டில் அந்த மூன்று மணி நேரம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் மனைவியிடம் கேட்டேன். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா, ஒரு கேள்வி பாக்கி. அப்பாவுக்கு 73, இனிமேல் தொடங்கி என்ன பலன்? அவரிடம் உடற்பயிற்சி என்று வாயெடுத்தால் "நான் பார்க்காத மைதானமா" என்று ஆரம்பித்துவிடுவார்.

முழங்கால்:

73 எல்லாம் என் வேலையில் இளைஞர்கள் தம்பி. 1990-ல் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை எட்டிய, தளர்ந்துபோன 10 பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். கால் தசைக்கு மட்டும், 8 வாரம், அதுவும் பாரமான எடை. முடித்தவர்கள் 9 பேர். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடையின் நடுவில் தசை 9 சதவீதம் வளர்ந்தது. தொண்ணூறில்!

அப்பாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாக அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ எழும்போது தலை சுற்றுகிறது என்றாலோ. அப்புறம் இப்படிச் செய்யுங்கள்.

சோபா வேண்டாம். கெட்டியான, சக்கரம் இல்லாத நாற்காலி. நாற்காலியின் முதுகைச் சுவரில் முட்டி வைத்துவிடுங்கள், நகராது. உயரம் போதாவிட்டால் மடித்த போர்வையைப் போட்டு உயர்த்துங்கள். கையை ஊன்றாமல் அவரால் எழ முடிகிற உயரம் எதுவோ அதுதான் அவருடைய தொடக்கம். நுனிக்கு நகர்ந்து உட்காரட்டும். பாதம் முட்டியைவிடக் கொஞ்சம் பின்னால். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயட்டும், அப்புறம் எழட்டும். பெரும்பாலானவர்கள் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், பாரம் பின்னால் இழுத்துவிடும். உட்காரும்போது பொத்தென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். இறங்குவதில்தான் தொடைக்குப் பாதி வேலை. ஐந்து தடவை, ஓய்வு, இன்னொரு ஐந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் போர்வையில் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது உங்களுக்கு. கை கொடுப்பதை நிறுத்துங்கள். பக்கத்தில் நில்லுங்கள், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில். ஆனால் அவர் எழட்டும். பாசத்தில் கை கொடுத்துக் கொடுத்து, ஒரு மனிதன் நாள் முழுக்கச் செய்கிற ஒரே கால் பயிற்சியையும் பிள்ளைகள் பறித்துவிடுகிறார்கள்.

வாயெடுத்தால் மைதானக் கதை வருகிறது என்றீர்களே, வரட்டும். உடற்பயிற்சி என்ற சொல்லே வேண்டாம். ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பிடித்து, எண்ணைச் சொல்லாமல் முகத்தைச் சுளியுங்கள். 400 மீட்டர் ஓடியவர், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

சும்மா இருப்பவன்:

எல்லாருக்கும் பதில் சொன்னீர்கள், என்னை விட்டுவிட்டீர்களே அக்கா. நான் நடக்கிறேன், புகைக்கிறேன். கூட்டிக் கழித்தால் என்ன வரும்?

முழங்கால்:

கழித்தால் கழித்ததுதான் வரும். நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் நுரையீரலுக்குள்ளும் இரத்தக் குழாய்க்குள்ளும் சிகரெட் செய்கிறதை நடை போய்த் துடைத்துவிட்டு வராது. பெரியப்பா 88 வரை இருந்தார், சந்தோஷம். அவரைப் போல் பிடித்து 60-ல் போனவர்கள் இந்தத் திரியில் வந்து எழுத மாட்டார்கள்.

பிரிட்டன் மருத்துவர்களை 1951-ல் தொடங்கி 50 வருடம் தொடர்ந்து பார்த்த ரிச்சர்ட் டால் குழுவின் ஆய்வு 2004-ல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருடம் முன்னால் போனார்கள். 60-ல் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டால் 6, 40-ல் விட்டால் 9, 30-ல் விட்டால் ஏறக்குறைய பத்தும். உங்கள் வயது என்ன?

சும்மா இருப்பவன்:

47.

முழங்கால்:

ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிறீர்கள், ஆறை நோக்கி. வைராக்கியத்தை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை இருக்கிறது, நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. மருந்தும் ஆலோசனையும் சேர்த்து எடுப்பவர்கள் வெறும் மன உறுதியை வைத்து முயல்பவர்களைவிட அதிகம் பேர் விடுகிறார்கள். சாயங்கால நடையை அந்தப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்களேன்.